மீன் தொட்டிக்குக் குடிபோன அர்த்தநாரி

திருச்செங்கோட்டு மலைக்குப் பின்பக்கம் ஊஞ்சக்காட்டுத் தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், தெருமுனை அடிபம்பைத் தாண்டி ஓரடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், ஒரு காதுகுத்துப் போஸ்டர் காற்றிலே நின்றுகொண்டிருக்கும். பின்னால் சுவர் கிடையாது, கம்பம் கிடையாது, கட்டிய கயிறு கிடையாது, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தாய்மாமன்களின் முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கும், ஆனாலும் ஒட்டினது ஒட்டினபடி நிற்கும், பால்காரர் அதற்கு ஒதுங்கி வண்டியைத் திருப்புவார், கோழி அதன் அடியில் நுழைந்து போகும். புதிதாக வந்தவர்கள்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். தெருக்காரர்களைக் கேட்டால், அதுங்களா, அது அர்த்தநாரி அண்ணனுடைய கண்ணாடிங்க என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அர்த்தநாரி ரிக் வண்டிக்காரர். ரிக் வண்டி என்றால் பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற போர்வெல் லாரி. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் அதன் பின்னால் போனவர்தான். மத்தியப் பிரதேசத்துக் கரிசலில், ராஜஸ்தானத்து மணலில், ஒடிசாவின் செம்மண்ணில் என்று அவர் துளைக்காத பூமி இல்லை; ஓரிடத்தில் வெறுங்காலோடு நின்றால் கீழே ஓடுகிற தண்ணீர் உள்ளங்காலில் சில்லென்று தெரியும் என்று சொல்லிக்கொள்வார், சொன்ன இடத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் வரவும் செய்யும், வராத பாதியைப் பற்றி அவர் பேசுவதில்லை. தெருமுனை அடிபம்பும் அவர் போட்ட துளைதான், அது வராத பாதியைச் சேர்ந்தது. வருடாவருடம் ஐப்பசி மழைக்கு வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பார். இருப்பார் என்றால், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இருப்பார்.

அவர் சம்சாரம் பாவாயி. வண்டி கிளம்புகிற அன்றைக்கு அடிபம்பு வரைக்கும் கூட வருவாள், பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒவ்வொரு தடவையும் அவர் வண்டி ஏணியில் கால் வைக்கும்போது ஏதோ சொல்வாள், இன்ஜின் இரைச்சலில் அது அவர் காதில் விழாது, கூட வருகிறேன் என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ட்ரிப்புக்குப் பாக்கலாம் புள்ள என்று கத்திவிட்டுப் போய்விடுவார். ரிக் வண்டியில் பொம்பளை ஏறினால் துளையில் தூசிதான் வரும் என்பது வண்டிக்காரர்களின் சாஸ்திரம். கூட்டிப்போகாததற்கு ஈடாக ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு சாமான் கொண்டுவந்து கொடுத்தார். ராஜஸ்தான் ரஜாய்ப் போர்வை, அசாம் பிரம்பு நாற்காலி, நாக்பூரிலிருந்து ஒரு சுவர்க்கடிகாரம், ஒட்டகத் தோலில் ஒரு பை என்று வீடு நிறைந்து, கடைசியில் பாவாயி நடப்பதற்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் ஒற்றையடிப் பாதை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஒரு வருடம் ஐப்பசி மழையில் அவர் வந்து இறங்கியபோது, மகள் சுகுணாவையும் ராய்ப்பூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்ட வீட்டில் தனியாக நின்றுகொண்டு பாவாயி சொன்னாள்: "ஏனுங் மாமா, இந்த வாட்டி உசுரோட இருக்கற மாதிரி எதாச்சும் வாங்கியாங்க. சாமான் போதுமுங்க."

உயிரோடு என்றால் ஆடா, மாடா, நாயா என்று ஒவ்வொன்றாக யோசித்து, அவற்றையெல்லாம் தான் இல்லாத காலத்தில் யார் மேய்ப்பது என்று தள்ளி, கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கலர் மீன் விற்கிற நசீர் பாயின் கடையில் போய் நின்றார். அங்கே கண்ணாடிக்குள் கண்ணாடியாக மீன்கள் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்ததும், இதுதான் சரி, தானாக எங்கும் போகாத உயிர், என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டதை யார் காதில் வாங்கினார்களோ தெரியாது.

நசீர் பாயே நேரில் வந்து தொட்டியை வைத்துக்கொடுத்தார். இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் மூன்றடித் தொட்டி, பின்பக்கம் ஒட்டுவதற்கு ஒரு கடல் படம், காற்று விடுகிற மோட்டார், அழுக்கு பிடிக்கிற ஃபில்டர், நெஞ்சுக்கூடு திறந்து திறந்து மூடி முட்டைமுட்டையாக நீர்க்குமிழி விடுகிற ஒரு பீங்கான் மனிதன். கூழாங்கல்லைப் பாவாயி அரிசி களைகிற மாதிரி களைந்து களைந்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடவில்லை. எல்லாம் முடிந்ததும் நசீர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணியை ஊத்தி மோட்டாரைப் போட்டு விட்ருங்க, மீனை உடனே விடக் கூடாது, தண்ணி பழகணும், ஒரு வாரம் பத்து நாள் சும்மா ஓடட்டும், பழகாத தண்ணியில விட்டா மீன் நிக்காது என்று சொல்லிவிட்டு, இது இனிமே அதுங்களுக்கு வீடு, பாத்துக்குங்க என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு என்று அவர் சொன்னதுதான் வினை. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் நாள் பார்க்காமல், பால் காய்ச்சாமல், வீட்டுக்காரம்மா நிறைகுடத்தை இடுப்பில் வைத்து வலதுகாலை எடுத்து வைக்காமல் குடிபோகிற வழக்கம் இல்லை. மாட்டுக்கொட்டகை கட்டினாலும் செய்வார்கள், பைக் நிறுத்த ஷெட் போட்டாலும் செய்வார்கள், தொட்டிக்கு மட்டும் எப்படிச் செய்யாமல் இருப்பது? வாஸ்து பார்க்கிற வையாபுரியைக் கூப்பிட்டார்கள். அவர் தொட்டியை நாலு பக்கமும் முழம்போட்டுப் பார்த்து, ஈசானத்தில் நகர்த்தி வைத்து, கார்த்திகை முடியப்போகிறது, மார்கழியில் குடிபோகக் கூடாது, வியாழக்கிழமையை விட்டால் நாள் இல்லை என்றார். மீன்காரர் பத்து நாள் கழித்துத்தான் மீன் என்கிறாரே என்று அர்த்தநாரி கேட்டதற்கு, குடிபோன வீட்டைச் சும்மா போடக் கூடாது, யாராவது ஒரு ஆள் பேரிலாவது குடி இருக்கணும், மீன் வருகிற வரைக்கும் வீட்டு ஆளே யாராவது இருந்துகொள்ளட்டும் என்று, வாடகைக்கு ஆள் பிடிக்கிறவர் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

வியாழக்கிழமை தெருவே வந்தது. தொட்டிக்கு மாவிலைத் தோரணம் கட்டி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் பால் பொங்கினார்கள். வையாபுரி குடத்தை எடுங்கம்மா என்றபோது பாவாயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், வாசலைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, குடத்தைப் புருஷன் கையில் கொடுத்து, "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறீங்க, நம்மூட்டுக்கு ஒரு குடம் நீங்களே ஊத்துங்க மாமா" என்றாள். ஆம்பளை குடம் எடுக்கிறதா என்று பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், வையாபுரியும் நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அவசரப்படுத்தினார், அர்த்தநாரி வலதுகாலை முன்னால் வைத்து, குடத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய மாவிலையை எடுப்பதற்காக முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையையும் விட்டார். பீங்கான் மனிதன் நெஞ்சைத் திறந்து ஒரு குமிழி விட்டான்.

பந்தியெல்லாம் முடிந்து, மாரப்பன் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று அர்த்தநாரி தெருமுனைக்கு நடந்தார். அடிபம்பைத் தாண்டியதும் நெற்றியில் டங்கென்று ஒரு இடி. கையை நீட்டினார், குளுகுளுவென்று, வழவழவென்று, எதுவும் இல்லாத இடத்தில் ஏதோ இருந்தது. இடதுபக்கம் தடவிக்கொண்டே போனார், அது முட்புதர்வரை போய் மடங்கி வீடுகளின் புறக்கடையோடு ஓடியது; வலதுபக்கம் போனார், மாரியம்மன் கோயில் சுவரைத் தொட்டுக்கொண்டு மடங்கி மறுபடி தெருவின் பின்முனைக்கு வந்து சேர்ந்தது. வேர்த்துப்போய்த் திரும்பி அடிபம்புக்கே வந்து, மாரப்பா, ஒரு டீயை இங்க கொண்டாப்பா என்றார். மாரப்பன் டம்ளரோடு நடந்து சர்வசாதாரணமாக உள்ளே வந்து கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். குடித்து முடித்த டம்ளரை அர்த்தநாரி நீட்டியபோது டம்ளர் அந்தப் பக்கம் போனது, விரல்கள் இந்தப் பக்கமே நின்றன, டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

மாரப்பன் அதைக் குனிந்து எடுத்து, நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டு, "மதியத்துல இருந்தேங்களா அண்ணா?" என்றார், காய்ச்சல் எப்போதிருந்து என்று கேட்கிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நாலு பேர் வெளியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், தோள்பட்டைதான் வலித்தது. காரில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கார் போய்விட்டது, அர்த்தநாரி உட்கார்ந்த வாக்கிலேயே நடுத்தெருவில் இருந்தார், சீட்டில் விரித்திருந்த துண்டு மட்டும் அடியில் கிடந்தது. கோபத்தில் அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொட்டியை உடைக்கப் போனபோது, நசீர் பாய் ஓடிவந்து தடுத்தார்: தொட்டியை உடைச்சா தண்ணிதாங்க போகும், உள்ளே இருக்கற உசுரு எங்கீங்க போகும்? அதற்குமேல் அவர் கடப்பாரையைத் தொடவில்லை.

பிறகு பழகிவிட்டது. தண்ணீர் பழக எடுத்துக்கொண்ட நாளைக்கூடத் தெரு எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தெரியாமல் முட்டிக்கொள்ளக் கூடாது என்று மாரப்பன் தன் அண்ணன் பேத்தியின் காதுகுத்துப் போஸ்டரைக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து ஒட்டினால் நிற்கவில்லை, அர்த்தநாரி உள்ளிருந்து பசை தடவி ஒட்டியதும் நின்றது. அதைப் பார்த்து இரண்டு கட்சிக்காரர்கள் இடம் கேட்டு வந்து, யாருக்கு மேல்பாதி என்று சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் அவரைச் சேர்த்துக்கொண்டு பந்து விளையாடினார்கள். அவர் அடித்த பந்து வெளியே போகும், அவர் போகமாட்டார் என்பதால் அவரை நிரந்தரமாகக் கீப்பர் ஆக்கினார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் திருச்செங்கோட்டு மலையேறிவிட்டு அப்படியே அவரையும் பார்த்துவிட்டு, பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டே, ஆள் கொஞ்சம் பூசினாப்ல இருக்கார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள்.

ஒரு விஷயம்தான் அர்த்தநாரிக்கு விளங்கவில்லை. ஆண்கள் எல்லோரும் கண்ணாடி எங்கே, எங்கே என்று துழாவினார்கள். தெருப் பெண்கள் யாரும் துழாவவில்லை. மாவு மில்லுக்கார அம்மா வந்தாள், போஸ்டர் ஒட்டுவதற்கு முன்பே வந்தாள், நேராக அந்த இடத்தில் நின்று, உங்களுக்கு இங்கயேதானுங்களா என்று கேட்டாள்; அவர் பதில் சொல்வதற்குள் பாவாயியைப் பார்த்து ஒரு மாதிரி தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விளையாட்டெல்லாம் ஒருபுறம் இருக்க, மகள் சுகுணாவுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர அப்பன்தான் போக வேண்டும். மார்கழியோடு ஏழு முடிகிறது. எட்டில் பயணம் கூடாது. ஒன்பதில் டாக்டர் விடமாட்டார். மழைவிட்டு ரிக் வண்டியும் ராய்ப்பூருக்குக் கிளம்பத் தயாராக நின்றது, இரண்டாவது டிரைவர் பொன்னுரங்கம் தினமும் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அர்த்தநாரி வையாபுரியைக் கூப்பிட்டுச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். வையாபுரி நிதானமாக, குடம் எடுத்த கை மாறிப்போனதுதான் தப்பு, அதை மாற்றிவிட்டால் போச்சு, அதே குடத்தை வீட்டுக்காரம்மா எடுத்து வலதுகாலை வைத்து உள்ளே வந்து ஊற்றிவிட்டால் கண்ணாடி உரிய ஆளிடம் போய்விடும், உங்களை விட்டுவிடும், ஆனால் மார்கழியில் செய்ய முடியாது, தை பிறக்கட்டும் என்றார். உரிய ஆள் யார் என்று அர்த்தநாரி கேட்கவில்லை. தை பிறக்கும் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. தை பிறந்தால் மகளுக்கு எட்டும் பிறந்துவிடுமே என்பது அதற்கு அடுத்து விழுந்தது.

அப்போது பாவாயி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்: "நான் போய்ட்டு வாரனுங்க."

நீ எப்படிப் போவாய், சங்ககிரி தாண்டித் தெரியுமா, இந்தி தெரியுமா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒட்டகத் தோல் பையை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு சேலையும் வளையல் பெட்டியும் வைத்தாள், மீன் வந்ததும் காலையில் ஒரு சிட்டிகை தீனி, சாயங்காலம் ஒரு சிட்டிகை, அதுக்கு மேல போட்டீங்கன்னா தண்ணி கெட்டுரும் என்று சொல்லிக்கொடுத்தாள், தெருமுனைக்கு வந்தாள். அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு கையை முன்னால் நீட்டி, இருட்டறைக்குள் போகிறவள் போல ஒரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு வைத்தாள், அந்தப் பக்கம் போனதும் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வண்டிச் சாஸ்திரத்தைப் பொன்னுரங்கம் ஆரம்பித்தார். அவள் அதற்குள் ஏணியில் ஏறி அர்த்தநாரியின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அர்த்தநாரி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, ஓங்கோல் தாண்டினால் தண்ணீர் பார்த்துக் குடி, விஜயவாடாவில் நம்ம ஊர்க்காரர் மெஸ் இருக்கிறது, போன் பண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்ஜின் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ, தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அர்த்தநாரிக்குக் கண்ணாடி என்றால் என்னவென்று தெரிந்தது. மீன்கள் வந்துவிட்டன, நாலு தங்கமீனும் இரண்டு கறுப்பு மீனும். பிரம்பு நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். வந்த புதிதில் அவை மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தன. நாளாக ஆக, முட்டுவதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே, அங்கே திரும்புவதுதான் தங்களுடைய விருப்பம் என்பது போல, வாலை ஒரு வீசு வீசித் திரும்பின. அவரும் டீக்குப் போகும்போது போஸ்டருக்கு ஓரடி முன்னாலேயே திரும்பக் கற்றுக்கொண்டார். காலையில் எழுந்து சமைத்தார், சாப்பிட்டார், துணியைத் துவைத்தார், துவைத்ததை மடித்தார், மடித்ததை வைக்கப் பீரோவைத் திறந்தபோது நாக்பூர்க் கடிகாரம் அடித்தது, பார்த்தால் பத்துதான் ஆகியிருந்தது. அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் சாமான்களுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் சிமெண்டுத் தரை தேய்ந்து வழவழவென்று பள்ளமாக இருந்ததைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். தான் கொண்டுவந்து இறக்கிய சாமான்கள் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் கரை கட்டி நிற்கிற மாதிரி தெரிந்தது.

பாவாயி போன் பண்ணினாள், ஆனால் பேச்சு சின்னதாகத்தான் இருக்கும். கோதாவரி என்றாள்; இத்தனை தண்ணிய வெச்சுக்கிட்டு யாரும் ஒண்ணும் சொல்லாம இருக்காங்க மாமா என்றாள். வழியில் நின்ற இடத்திலெல்லாம் வண்டிக்காரர்கள் அவளைக் காலை ஊன்றி நிற்கச் சொல்லிப் பார்த்தார்களாம், அவள் காட்டிய இடத்தில் பீய்ச்சிக்கொண்டு தண்ணீர் வந்ததில் பொன்னுரங்கம் தலையிலிருந்து கால்வரை நனைந்து சாஸ்திரத்தை மறந்துவிட்டாராம். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு எல்லா இடத்திலும் என்று பொன்னுரங்கமே பின்னால் சொன்னார். ராய்ப்பூர் போய்ச் சேர்ந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. மாப்பிள்ளை ஏதோ அருவிக்குக் கூட்டிப்போகிறார் என்றாள். ஏழு முடியப்போகுது புள்ள, வெரசா வா என்று அவர் கெஞ்சினார். வாரனுங்க, எங்க போயிருவீங்க என்றாள்.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலையில், வாசல் தெளித்துவிட்டு, கோலம் அவருக்கு வராது என்பதால் வெறும் நாலு கோடு இழுத்துவிட்டு, தெருமுனைக்கு நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பனி கண்ணாடியில் படிந்து, முதல் தடவையாக அது முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. போஸ்டருக்குப் பக்கத்தில் தன்னுடைய கைத்தடங்கள், அகலமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. அதற்குக் கீழே, ஒரு சாண் இறங்கி, சின்னதாக வேறு கைத்தடங்கள் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக, பழசின்மேல் புதுசாக, தடம் பதிந்து பதிந்து கண்ணாடியே அந்த இடத்தில் மங்கிப்போயிருந்தது. வளையல் உரசிய கீறலும் இருந்தது. தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். விரல்கள் அந்தத் தடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. வெயில் ஏறியதும் பனியும் தடமும் போய்விட்டன. அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. மீனுக்கு ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து, பதறிப்போய் வலையால் ஒவ்வொன்றாக அள்ளி எடுத்தார்.

மார்கழி முடிகிற அன்றைக்கு, தை பிறக்க ஒரு இரவு மட்டும் பாக்கி என்கிற சாயங்காலத்தில், பாவாயி மகளோடு ரயிலில் வந்து இறங்கினாள் என்று செய்தி வந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் படுத்திருந்துவிட்டுக் காலையில் வருகிறார்கள். வையாபுரிக்கு அதைவிட வசதி என்ன வேண்டும். பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுகிற நேரத்தில் அவர் அடிபம்புக்கு அந்தப்பக்கம் கோலம் போடவைத்து, அதே குடத்தை நிறைத்து, மாவிலை சொருகி, தேங்காய் வைத்துத் தயாராக்கிவிட்டார். தெரு முழுக்கக் கூடி நின்றது. அண்ணனுக்கு இன்னிக்கு விடுதலை என்று மாரப்பன் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி வெளுத்த சட்டை போட்டு, இரண்டு காலிலும் செருப்பு மாட்டிக்கொண்டு, கண்ணாடியின் இந்தப்பக்கம் நின்றார்.

ஆட்டோ வந்து நின்றது. சுகுணா வயிற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அப்பா என்று நேராக உள்ளே வந்துவிட்டாள். பாவாயி வரவில்லை. கறுத்திருந்தாள், நடை மாறியிருந்தது, கையை வீசிக்கொண்டு நடந்தாள். கோலத்தைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், வையாபுரி விளக்கிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்கு அருகில் வந்து, துழாவாமல், போஸ்டருக்கு ஒரு சாண் கீழே, சரியாக அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அந்தக் கை நின்றது. தெருவில் வேறு யாருக்கும் நிற்காத இடத்தில் நின்றது.

"இந்தப் பக்கம் இருந்து தொட்டா இத்தன சில்லுன்னு இல்லீங்க," என்றாள்.

அர்த்தநாரி அந்தக் கையைப் பார்த்தபடி கேட்டார்: "எத்தன நாளா புள்ள?"

"வந்த நாளா இருக்குதுங்க. நீங்க கூட்டிட்டுப் போனா விடும். தனியா வந்தா விடாது."

"எங்கிட்டச் சொல்லீருக்கலாமில்ல."

"சொன்னனுங்க. ஒவ்வொரு வாட்டியும் சொன்னனுங்க. நீங்க வண்டி ஏறிக்கிட்டு இருந்தீங்க."

கூட்டத்தில் ஆண்கள் பெண்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போகிறதும்மா என்று வையாபுரி குரல் கொடுத்தார். பாவாயி மகளின் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள், குனிந்து, பழக்கப்பட்ட கை செய்கிற மாதிரி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வலதுகாலை எடுத்தாள். அர்த்தநாரிக்கு அந்தப் பக்கத்து ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப்புறம் புழுதி, புழுதிக்கு அந்தப்புறம் ஓங்கோல், விஜயவாடா, கோதாவரி எல்லாம் வரிசையாகத் தெரிந்தன, உள்ளங்கால் சில்லென்றது. கண்ணாடி அதற்குள்ளாகவே இளகத் தொடங்கிவிட்டது என்று பிற்பாடு சொன்னார், மூக்கு நுனி அந்தப்பக்கம் போய்விட்டதாம்.

"இரு புள்ள," என்றார். "அந்தக் குடத்த இங்க நீட்டு."

பாவாயி நீட்டினாள். குடம் உள்ளே வந்தது. அதை வாங்கி, ஆம்பளை இடுப்பில் குடம் நிற்காது என்பதால் தோளில் ஏற்றிக்கொண்டு, செருப்பை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு, அர்த்தநாரி வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். வையாபுரி, அய்யய்யோ மறுபடியும் தப்பாப் போகுதுங்க என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். வலதுகாலை வைத்து உள்ளே போய், மீன்கள் பயந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு அவர் திரும்பியபோது, பாவாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நடந்து வந்திருந்தாள். ஒரு தடவை திரும்பித் தெருமுனைக்குப் போய்ப் பார்த்தாள், போனாள், வந்தாள், மறுபடி போனாள், மாரப்பன் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

சுகுணாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைக் குளிப்பாட்டத் தண்ணீர் கலக்குவதிலிருந்து தூளி ஆட்டுவதுவரை அர்த்தநாரிதான். ஆள் எப்போதும் வீட்டில் இருக்கிறாரே. சாமான்களில் பாதியை அவர் அடிபம்புக்கு அந்தப்பக்கம் ஒவ்வொன்றாக எறிந்துவிட்டதால் வீட்டில் குழந்தை தவழ இடம் உண்டானது. ரிக் வண்டி அடுத்த வேலைக்குக் கிளம்ப வேண்டி வந்தபோது, பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்றது பாவாயியைக் கேட்டு. எந்த இடத்தில் துளை போடுவது என்று காட்ட ஆள் வேண்டுமே. அவளும் ஒட்டகத் தோல் பையை எடுத்தாள்.

அர்த்தநாரி அடிபம்பு வரைக்கும் கூடவே வந்தார். அவள் கூட்டிப்போனால் கண்ணாடி விடும் என்று அவருக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும் என்பதும் தெரியும். முதல் நாளே, டம்ளர் உருண்ட அன்றைக்கே தெரிந்துதான் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் என்பதும் யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டுவிட்டது. பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏணியில் கால் வைத்தபோது, வெட்கத்தை விட்டு, இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, நானும் வாரேன் புள்ள, என்னையும் கூட்டிட்டுப் போ என்று சொன்னார்.

பாவாயிக்கு நன்றாகவே கேட்டது. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்த ட்ரிப்புக்குப் பாக்கலாமுங் மாமா."